முதல் ஆமென்

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்து, நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்று ஆட்டோ எங்கள் வீட்டு முற்றம்வரை வரவில்லை. இராஜாக்கமங்கலம் போகும் ரோட்டிலிருந்து தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு மண்வழி பிரிந்து எங்கள் வீட்டில் முடியும். ஆட்டோக்காரர் முன்சக்கரத்தை நுழைத்தார். பின்சக்கரம் ஒரு கல்லில் இடித்து நின்றது.

“முந்தி போவும்லா?” என்றேன்.

“முந்தி போவும். இப்போ கல்லு முன்னால வந்து நிக்கி” என்றார், இறங்கிப் பார்த்துவிட்டு.

அம்மா வாக்கரை ஊன்றி மணலில் நடந்தாள். வாக்கரின் நான்கு கால்களும் ஒவ்வொரு எட்டுக்கும் புதைந்தன. நான் எண்ணினேன். தொண்ணூற்று ஆறு எட்டு. நடுவில் மூன்று முறை நின்றாள். மூன்றாவது முறை நின்றபோது அழுதாள்; வலியால்தான் என்று சொன்னாள்.

அந்தக் கல்லை எனக்குத் தெரியும். எங்கள் தென்னை விளைக்கும் பெரியப்பாவின் விளைக்கும் நடுவே நிற்கும் எல்லைக்கல் அது. பள்ளி நாட்களில் வேனுக்காக அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பேன். அதிலிருந்து எங்கள் நெல்லி மரத்துக்கு, நான் வேலைக்குப் போன வருடம் அளந்தபோதும், என் காலால் பதினாலு எட்டு. இப்போது எட்டாவது எட்டிலேயே முடிந்தது. நெல்லி மரம் நடந்து வந்திருக்க முடியாது. கல்லைச் சுற்றி மண் புதிதாக இருந்தது. மண் புதிது என்று தெரியாமல் இருக்கப் புல்லை வேர்மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்து பதித்திருந்தார்கள். அந்தப் புல்லைப் பார்த்ததும்தான் எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. கோபத்தில் கல்லைப் பிடுங்கி நடுகிறவனை மன்னிக்கலாம். உட்கார்ந்து யோசித்துப் புல் பதிக்கிறவனை எப்படி மன்னிப்பது?

பெரியப்பா அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஆலயக் கமிட்டியில் இருப்பவர்களில் மூத்தவர். அப்பாவின் அடக்கத்தன்று குழிமேட்டில் நின்று, “இனிமே இந்தப் பிள்ளைக்கு நான்தான் அப்பன்” என்று அழுதவர். அடுத்த வருடம் கல்லை நகர்த்தியிருக்கிறார்.

அன்று மத்தியானமே போய்க் கேட்டேன்.

“கல்லுக்குக் காலு மொளச்சா பெரியப்பா?”

அவர் நாற்காலியில் இருந்து அசையவில்லை. “மழைக்குச் சாஞ்சு கெடந்து மக்கா. நேரா நட்டேன்.”

“ஆறு எட்டு தள்ளியா சாஞ்சு?”

“ஒனக்க எட்டு வச்சா ஊரு அளக்கது? படிச்ச பிள்ளைக்கு டேப்புன்னு ஒண்ணு உண்டுன்னு தெரியாதா?” சிரித்தார். “நீ நாளைக்குக் கெட்டிப் போற பிள்ள. ஒனக்கு எதுக்கு இவ்வளவு வழி? ஒனக்க அம்மைக்கு நடக்க ஒத்தையடிப் பாத போராதா?”

முற்றத்தில் கருங்கல் இறக்கியிருந்தது. அவருடைய இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தை மாதத்துக்குள் மதில் கட்டி வெள்ளையடித்துவிட வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லியிருந்தார். எனக்குக் கணக்கு உடனே புரிந்தது. கல்லாக நிற்கும்வரை பேசலாம். மதிலாகிவிட்டால் அம்மா சாகும்வரை தொண்ணூற்று ஆறு எட்டு நடக்க வேண்டும்.

மனு எழுதினேன். நில அளவைக்கு நாள் குறித்தார்கள், மாற்றினார்கள், மறுபடி குறித்தார்கள். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பெங்களூர்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அனுமதி வாங்கி வந்திருந்தேன். கணினியில் ஒரு கண்ணும் ஜன்னல் வழியே அந்தக் கருங்கல் குவியலில் ஒரு கண்ணுமாக டிசம்பர் வந்துவிட்டது.

டிசம்பர் வந்தால் எங்கள் ஆலயத்தில் உடன்படிக்கை ஞாயிறுக்கான பேச்சும் வரும்.

வருடத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அது. தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற முதல் குடும்பங்கள் தேவனோடு செய்துகொண்ட உடன்படிக்கையைச் சபை முழுவதும் எழுந்து நின்று புதுப்பிக்கும். கர்த்தரே எங்கள் தேவன், நாங்கள் அவருடைய ஜனம், அவர் கட்டளையை விட்டு விலக மாட்டோம். பீடத்திலிருந்து ஒருவர் அச்சிட்ட அட்டையைப் பார்த்து வாசிக்க, ஒவ்வொரு வாக்குக்கும் சபை ஆமென் சொல்லும். அந்த ஆமெனை முதலில் சொல்கிறவர் கமிட்டியில் மூத்தவர். பீடத்துக்கு வலப்பக்கம் சபையைப் பார்த்தபடி மைக் பிடித்து நிற்பார். அவர் சொன்ன பிறகே மற்றவர்கள் சொல்வார்கள். முதல் ஆமென் என்றே அதற்குப் பெயர். எல்லாம் முடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் முன்னால் போய் உடன்படிக்கைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழாத வீட்டுக்கு அந்த வருடம் கல்யாண ஓலை வாசிக்க மாட்டார்கள். இன்ன ஆணுக்கும் இன்ன பெண்ணுக்கும் விவாகம் என்று மூன்று ஞாயிறு சபையில் வாசித்து, ஆட்சேபம் இல்லை என்றால்தான் எங்களுக்குக் கல்யாணம்.

பதினொரு வருடமாக முதல் ஆமென் பெரியப்பாவுடையது. சரிகைக் கரை வேட்டி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தொண்டையைச் செருமி ஒரு ஆமென். தோப்பில் கட்டியிருக்கும் ஸ்பீக்கர் வழியாக அது ரோடுவரை கேட்கும்.

வாலிபர் சங்கத்திலிருந்து ஒருவர் வாசிக்க வேண்டும் என்பது முறை. அந்த வருடம் யார் என்று புதிதாக மாறி வந்த போதகர் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. நான் எல்லாவற்றுக்கும் கை தூக்குகிறவள். சின்ன வயதில் வேதாகம வினாடி வினாவில் நான் ஜெயித்த எவர்சில்வர் தட்டுகளில்தான் இன்றும் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறோம்.

போதகரின் அறைக்குப் போனேன்.

“ஐயா, எல்லா வருசமும் அட்டையில இருக்கதத்தான் வாசிக்கோம். ஆளுக தூக்கத்துல ஆமென் சொல்லுதாவ.”

“வேற என்ன செய்யலாம்னு சொல்றே?”

“உபாகமம் இருபத்தேழு.”

அவர் புரட்டிப் பார்த்தார். யோர்தானைக் கடந்ததும் பாதிக் கோத்திரம் ஒரு மலையிலும் பாதிக் கோத்திரம் எதிர் மலையிலும் நிற்க, லேவியர் ஒவ்வொரு சாபமாக உரக்கச் சொல்ல, ஜனம் முழுவதும் ஆமென் சொன்ன பகுதி அது.

“சாபமாம்மா? புது வருசத்துலயா?”

“உடன்படிக்கைன்னா ரெண்டு பக்கமும் உண்டும் ஐயா. ஆசீர்வாதத்த மட்டும் வாங்கிட்டுப் போனா அது இனாம்.”

அவருக்கு அது பிடித்துவிட்டது. அந்த வரியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு பேரம் தொடங்கியது. பன்னிரண்டு சாபத்தில் சில சின்னப் பிள்ளைகள் முன்னால் வாசிக்கத் தக்கவை அல்ல என்றார். சரி என்றேன். ஆறு போதும் என்றார். அதற்கும் சரி என்றேன். மற்ற எதை வேண்டுமானாலும் எடுத்துவிடட்டும். விக்கிரகம் செய்கிறவன், தாய் தகப்பனை அவமதிக்கிறவன், அயலானின் எல்லைக்கல்லைப் பெயர்க்கிறவன், குருடனுக்கு வழி தப்பச் செய்கிறவன், விதவையின் நியாயத்தைப் புரட்டுகிறவன், அயலானை மறைவில் அடிக்கிறவன். இந்த ஆறில் ஒன்றைக் கூட நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் இந்த ஊருக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. எந்த வேலி யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

எனக்கு நியாயம் வேண்டும் என்று அப்போது சொல்லியிருப்பேன். பொய். அந்த மைக்கில், அந்தக் குரலில், அவர் வாயாலேயே அவர் தலையில் அந்தச் சாபம் விழ வேண்டும், அதை அத்தனை பேரும் பார்க்க வேண்டும். அதுதான் வேண்டும். ராத்திரியில் கண்ணை மூடினால் ஜெபத்துக்குப் பதில் அந்தக் காட்சிதான் வந்தது. அதில் எனக்கு ஒரு ருசியே உண்டாகிவிட்டது.

உடன்படிக்கை ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம் அடுக்களையில் நின்று உரக்க வாசித்துப் பழகினேன். அம்மா கட்டிலிலிருந்து கூப்பிட்டாள்.

“ஏட்டி, அது என்ன வாசிக்கிய?”

“நாளைக்கு உள்ளது.”

“யாருக்கு உள்ளது?”

நான் அடுத்த வரிக்குப் போனேன்.

“உடன்படிக்க எடுக்கது கர்த்தருக்க முன்னாலயாக்கும். ஒனக்க பெரியப்பனுக்க முன்னால இல்ல. வேதத்தக் கம்பா எடுத்து ஆள அடிக்கப் பிடாது, கேட்டியா.”

“அவரு கல்ல எடுத்து அடிக்கலாமா?”

“எனக்கு நடந்தா கால் தேயவா போவுது? வேண்டாம் மக்கா.”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா கெடங்க” என்றேன். அப்படித்தான் சொன்னேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. எங்கள் ஆலயத்தில் வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். இரண்டு மலைகள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில், வாக்கரை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா மைக்கோடு தன் இடத்தில் நின்றார். அச்சடித்த தாளை யாரோ கையில் கொடுத்தார்கள். அவர் படிக்கவில்லை. பதினொரு வருடம் சொன்னவருக்குத் தாள் எதற்கு? இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் செய்த ஒரே பிழை அது.

விக்கிரகத்தை வாசித்தேன். “ஆமென்” என்றார். சபை முழங்கியது. தாய் தகப்பனை வாசித்தேன். “ஆமென்.” இந்த முறை கிழவிகளின் பக்கம் சத்தம் அதிகம், மருமகள்கள் தாளைப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்ததை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவரைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். தன் அயலானுடைய எல்லைக்கல்லைப் பெயர்த்து வைக்கிறவன் சபிக்கப்பட்டவன்.

பழக்கத்தில் அவர் வாய் திறந்துவிட்டது. “ஆ” என்று மைக்கில் வந்துவிட்டது. அதோடு நின்றது. அந்த அரை எழுத்து ஸ்பீக்கர் வழியாகத் தோப்புக்குப் போய்த் திரும்பி வந்ததுபோல் எனக்குக் கேட்டது. அவர் முகம் வேட்டியின் நிறத்துக்கு வந்தது. நான் எத்தனையோ தடவை கண்ணை மூடிப் பார்த்த முகம். நிஜம் அதைவிட நன்றாக இருந்தது.

அவருக்காகச் சபை சொல்லிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் திக்குவார், சபை முழங்கும், அந்த முழக்கத்தில் அவர் நசுங்குவார். சபை முழங்கவில்லை. மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் ஒருவர் செருப்பைப் பார்த்தார். அவர் பக்கத்து வீட்டுக்காரரும் செருப்பைப் பார்த்தார். பெண்கள் பக்கம் ஒருத்தி குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் வேலி கட்டும்போதெல்லாம் ஒரு சாண் நகராத வேலி எது? நான் ஒருவருக்கு விரித்த வலையில் ஊரே கிடந்தது.

“ஆமென்.”

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. அம்மா. ஒற்றைக் குரல், சத்தமாக, வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று.

அதன் பிறகு பெரியப்பா சொன்னார். மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அடித்தொண்டையில். சபை எதையோ முனகியது. நான் நிறுத்தியிருக்கலாம். போதகர் கண்ணால் கெஞ்சினார். நான் குருடனின் வழியை வாசித்தேன். விதவையை வாசித்தேன். விதவை என்று சொல்லிவிட்டு, தேவைக்கு மேல் நிறுத்தி, அம்மா இருந்த பெஞ்சைப் பார்த்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா அதற்கும் ஆமென் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்.

ஆறாவதும் முடிந்து கையெழுத்து நேரம். முதல் வரி அவருடையது. பேனாவைத் திறந்தார். புத்தகத்தின் மேல் கை நின்றது. “கண்ணாடி கொண்டு வரல்ல. பொறவு போடுதேன்” என்று சொல்லிப் பேனாவை மூடி வைத்து, யாரையும் பார்க்காமல் பக்கவாசல் வழியாகப் போனார். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அன்று கண்ணாடி மறந்துவிட்டது. அம்மா மட்டும் வாக்கரோடு மெல்லப் போய்த் தன் வரியில் போட்டுவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “வேண்டாம்னு சொல்லிட்டு நீங்கதான முதல்ல ஆமென் சொன்னீங்க?”

“ஒருத்தரும் சொல்லாம கர்த்தர நாணங்கெடுக்கவா? வேதம் சொன்னா ஆமென் சொல்லணும். நான் ஒனக்குச் சொன்னேன்னு நெனச்சியா?” வாக்கரைச் சுவரில் சாய்த்தாள். “அதுல ரெண்டாமதா வாசிச்சியே, தாயை மதியாதவளப் பத்தி. அதுக்கும் சேத்துத்தான் ஆமென் சொன்னேன்.”

வியாழக்கிழமை பெரியப்பாவின் இளைய மகள் வந்தாள். அக்காதான் எனக்கு, ஒரே வேனில் பள்ளிக்குப் போனவர்கள். முற்றத்தில் நின்றே பேசினாள்.

“ஏட்டி, எனக்க கல்யாணத்துக்கா நீ சாபம் போட்ட?”

“ஒனக்கு இல்ல.”

“பொறவு யாருக்கு? ஞாயித்துக்கெழம மொத ஓல வாசிக்கணும். அப்பா கையெழுத்துப் போட மாட்டேங்காரு. மூணு நாளா சோறு எறங்கல்ல. தொழுவத்துல கன்னுக்குட்டி இருமினாக் கூட எழும்பிப் போய்ப் பாக்காரு.”

“கல்ல மாத்தி நட்டா எல்லாம் எறங்கும்.”

“நீ சின்னதுல இருந்தே இப்படித்தான். தோத்தா அழுவ, செயிச்சா ஆடுவ.” போகும்போது திரும்பினாள். “ஆடு. நல்லா ஆடு.”

ஆடத்தான் செய்தேன். மனதுக்குள். ஊரில் அந்த வாரம் மூன்று வேலிகள் சத்தமில்லாமல் பழைய இடத்துக்குப் போயின. பால் வாங்கப் போகும்போது வழிநெடுக ஈர மண்ணைப் பார்த்தேன். எனக்கு அந்த வேலிகள் முக்கியமில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரியப்பா கம்பிப்பாரையோடு வந்தார். கூட ஆளில்லை. கூலிக்கு ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் ஊருக்கு மறுபடி ஒரு பேச்சாகும் என்று தானே வந்திருக்க வேண்டும். எழுபதை நெருங்குகிறவர். அரை மணி நேரம் தோண்டினார். நான் நெல்லி மரத்தடியில் டேப்போடு நின்றேன். உதவவில்லை.

பழைய குழி எங்கே என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நேராக அங்கே போனார். கல்லை உருட்டிக் கொண்டுபோய் இறக்கினார்.

“அளந்துக்கோ.”

அளந்தேன். “இன்னும் நாலு விரக்கடை.”

“இதுதான் எடம் மக்கா.”

“நாலு விரக்கடை பெரியப்பா.”

அவர் மறுபடி கல்லைத் தூக்கினார். சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது. மூச்சு விசிலடித்தது. உண்மையில் அது இரண்டு விரற்கடைதான் இருக்கும். மற்ற இரண்டும் புல்லுக்காக.

மண்ணை மிதித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். குரல் தாழ்ந்திருந்தது. “இப்போ அது போயிருமா?”

எது என்று எனக்குத் தெரியும். போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“எனக்கு எப்படித் தெரியும் பெரியப்பா? நான் வாசிக்கத்தான செஞ்சேன். ஆமென் சொன்னது நீங்க.”

அவர் கம்பிப்பாரையைத் தோளில் எடுக்கப் பார்த்தார்; கை தூக்கவில்லை. வாசலிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “அத்தான், இங்கன வந்து இரிங்க. கட்டஞ்சாயா போட்டிருக்கேன்.” அவர் போய்ப் படியில் உட்கார்ந்தார். அம்மா வாக்கரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தம்ளரை நீட்டினாள். நான் ஊன்றுகோலாக நிற்க வேண்டிய இடம் அது. மரத்தடியிலேயே நின்றேன்.

மறுநாள் கையெழுத்துப் போட்டார், முதல் ஓலை வாசித்தார்கள், கல்யாணம் நடந்தது. மதில் சரியான கோட்டில் எழும்பியது. இப்போது ஆட்டோ முற்றத்துக்குள் வந்து திரும்பிப் போகிறது. அம்மா வாக்கரை விட்டுவிட்டுக் கம்புக்கு வந்துவிட்டாள். போதகர் அடுத்த வருடம் பழைய அட்டைக்கே திரும்பிவிட்டார். முதல் ஆமென் இன்னும் பெரியப்பாவுடையதுதான். ஆனால் இப்போது தாளைக் கையில் பிடித்து, ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். அதைப் பார்க்கும்போது இன்னும் எனக்கு இனிக்கிறது.

ஆனால் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. நாங்கள் இருவர்தான். சங்கீதம் வாசித்து, பாட்டு ஒரு சரணம் பாடி, அம்மா கண்ணை மூடி ஜெபிப்பாள். கடைசியில் ஒரு நாள் தவறாமல் அது வரும். “கர்த்தாவே, அவருக்க வீட்டையும் அவருக்க பிள்ளைகளையும் காத்துக்கொள்ளும். எங்க வாயிலிருந்து வந்த எதையும் அவருக்க மேல வச்சிராதேயும்.”

அங்கே நிறுத்துவாள். எங்கள் வீட்டில் ஜெபம் செய்கிறவர் ஆமென் சொல்வதில்லை; கேட்கிறவர்தான் சொல்ல வேண்டும். அம்மா கண்ணைத் திறக்காமல் காத்திருப்பாள். நான் அந்தப் புல்லை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மதிலுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா இருமுவது கேட்கும்.

சொல்வதில்லை. இதுவரை ஒரு நாளும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து அம்மாவே சொல்லிக்கொண்டு, கம்பை எடுத்து எழும்பி, விளக்கைப் போடப் போகிறாள்.